பொற்கொடி லீவு போட்ட ஆறு நாள்

பொற்கொடிக்கு ஒருவர் செய்த தப்பை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரியாது. மற்றபடி அந்தக் கிரைண்டர் கம்பெனியில் அவளுக்குத் தெரியாத வேலை எதுவும் கிடையாது.

சின்னவேடம்பட்டியில் இருக்கிற அந்தக் கம்பெனியில் ஒன்பது வருடமாக அவள்தான் அசெம்பிளி லைனுக்கு சூப்பர்வைசர். டிரம், கல், மோட்டார், பெல்ட், வயரிங் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, நாளுக்கு நாற்பது டேபிள்டாப் கிரைண்டர் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். ஓடுகிற மெசின்மேல் காதை வைத்தால் போதும், எந்த நட்டு எத்தனை சுற்று தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்த பிறகு அதை மாட்டிய ஆளிடம் சொல்ல வேண்டுமே, அங்கேதான் அம்மணிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பெல்ட் மாட்டுகிறவர் அங்கப்பன். ஐம்பத்தைந்து வயது, அதிர்ந்து பேசாத மனிதர். அவர் மாட்டும் பெல்ட் எல்லாம் சொல்லி வைத்தாற்போல இரண்டு சுற்று தளர்வாகவே இருக்கும். பொற்கொடி அதை அவரிடம் சொல்லிப் பார்த்தாள். சொன்னதாக அவளாகவே நினைத்துக்கொண்டாள் என்பதுதான் சரி.

"அங்கப்பண்ணா, இந்தப் பெல்ட்டுங்க... ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்குதுங்க. சும்மா ஒருக்கா பாத்துக்கலாமுங்களா?"

"பாத்துக்கலாமுங்க அம்மணி," என்றார் அவர், பார்க்காமலே.

அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் அரை வார்த்தை சேர்த்தாலும் சண்டைக்குப் போனதாகப் பேச்சாகிவிடும் ஊர் அது. அதனால் பொற்கொடி தனக்குத் தெரிந்த வழியில் போனாள். ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நாற்பது மெசினின் பெல்ட்டையும் தானே இறுக்கினாள். வயரிங் செய்கிற உம்மல் குல்சும் விட்ட ஒரு ஸ்குரூவையும், டெஸ்டிங் பார்க்கிற ஜெரோம் ஒட்ட மறந்த ஸ்டிக்கரையும் அப்படியே சரி செய்தாள். அவள் முடித்த பிறகுதான், ஆறரை மணிக்கு, சரக்கை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டி கேட்டைத் தாண்டும்.

அங்கப்பனுக்குக் கண் மங்கிவிட்டது, அதனால்தான் பெல்ட் தளர்கிறது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அதையும் அவரிடம் சொல்ல முடியுமா? முதலாளியிடம் நயந்து பேசி, கம்பெனிக்குள்ளேயே நாற்பது பேருக்கும் சேர்த்து இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்த வைத்தாள். ஒரே ஒரு ஆளின் கண்ணைப் பார்க்க ஒரு முகாம்! அங்கப்பனுக்குக் கழுகுக் கண் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். பொற்கொடிக்குத்தான் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் காரமடைச் செய்தி வந்து விழுந்தது. கம்பெனி காரமடையில் இன்னொரு யூனிட் திறக்கிறதாம், அதற்கு ஒரு இன்சார்ஜ் வேண்டுமாம்.

பொற்கொடியின் வீடு காரமடையில். தினமும் காந்திபுரம் வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி, போக வர மூன்று மணி நேரம் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவள் அவள். புது யூனிட் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆனால் அவள் ஆசைப்பட்டது பஸ் அலைச்சல் மிச்சமாவதற்காக இல்லை. யூனிட் எழும்பியிருக்கிற இடம் முன்பு வாழைத்தோட்டம். அவள் அம்மா மாசாணியம்மாள் அதே மண்ணில் இருபது வருடம் கூலிக்குக் களை எடுத்தவள், தோட்டத்து வீட்டின் பின்பக்கம் நின்றே தண்ணீர் வாங்கிக் குடித்தவள். அந்த இடத்தின் முன்வாசலைத் தன் கையால் சாவி போட்டுத் திறக்க வேண்டும் என்று பொற்கொடிக்கு வெறியே பிடித்துவிட்டது.

"என்னை இன்சார்ஜாப் போடுங்க" என்று பஸ்ஸிலேயே மூன்று தடவை சொல்லிப் பழகிக்கொண்டு போனாள். முதலாளி மோகனப்பிரியாவின் அறைக்குள் நுழைந்ததும் வாயிலிருந்து வந்தது வேறு.

"காரமடைல யூனிட் வருதாமுங்களே மேடம். நம்மூருதானுங்க. ஊட்டுலருந்து பத்து நிமிசமுங்க."

மோகனப்பிரியாவும் இந்தப் பக்கத்துக்காரிதான், அவளைவிட மூன்று வயது சின்னவள். சுற்றி வளைத்து வந்த விண்ணப்பம் அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"உங்களைத்தான் போடணும்னு எனக்கும் ஆசைங்க பொற்கொடி. ஆனா, இங்க உங்க எடத்துல யாருங்க? ஒரு பேரு சொல்லுங்க."

பொற்கொடி லைனில் இருக்கிற ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முகத்தோடும் ஒரு தளர்ந்த நட்டும் சேர்ந்தே வந்தது.

"எல்லாரும் நல்லவங்கதானுங்க மேடம்."

"நல்லவங்களைக் கேக்கலீங்க. லைனைப் பாத்துக்கறவங்களைக் கேட்டேன்." மோகனப்பிரியா மேஜையிலிருந்து பல வண்ணத் தாள்கள் கொண்ட ஒரு ஃபைலை எடுத்தாள். போன மாதம் அவினாசி ரோட்டு ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் 'தலைமைப் பண்பு' வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து அந்த ஃபைல் இல்லாமல் அவள் பேசுவதில்லை. "நீங்க இல்லீன்னா இந்த லைன் நிக்கும்னா உங்களை நான் எப்புடீங்க நவுத்தறது? ஒண்ணு பண்ணலாம். ரெண்டு வாரத்துல ஒரு ஆளைத் தயார் பண்ணுங்க. பொறவு ஆறு நாள் லீவு போடுங்க. போன் பண்ணக்கூடாது, கேட்டுக்குள்ள கால் வெக்கக்கூடாது. தினம் நாப்பது மெசின் கொறையாமப் போச்சுன்னா காரமடை உங்களுக்கு. இல்லீன்னா பெருந்துறைலருந்து ஒரு எம்.பி.ஏ. படிச்ச பையன் கேட்டுட்டிருக்கான், அவனைப் போட்டுக்கறேன்."

பொற்கொடி வெளியே வந்தபோது கோபத்தில் காது சூடாகியிருந்தது. ஒன்பது வருடமாக ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்ததற்கு இதுதானா மரியாதை?

யோசித்து யோசித்து உம்மல் குல்சுமைத் தேர்ந்தெடுத்தாள். முப்பத்து மூன்று வயது, கைச்சுத்தம், கணக்காகப் பேசுவாள். அவளுக்காக ஒரு நோட்டு வாங்கி அறுபத்து மூன்று பாயிண்ட் எழுதினாள். முதல் நாளே குல்சும் அதைப் படித்துவிட்டு வந்து நின்றாள்.

"அக்கா, நாப்பத்தொண்ணாவது பாயிண்ட்டுல 'சந்தேகம் வந்தா என்னைக் கேட்கவும்'னு இருக்குதுங்க. நீங்கதான் இருக்க மாட்டீங்களே, யாரைங்க கேக்கறது?"

"அது... சும்மா எழுதினதுங்க கண்ணு. அடிச்சுப்போடு."

நோட்டு ஒருபக்கம் இருக்கட்டும், கைதான் பெரிய தொல்லை. குல்சும் ஒரு மெசினைத் திறந்து ஸ்பேனரை நட்டில் வைப்பாள். இரண்டு நொடி பொறுப்பாள் பொற்கொடி. மூன்றாவது நொடியில் ஸ்பேனர் பொற்கொடி கையில் இருக்கும். "இப்புடிக்கா பிடிச்சா சுளுவுங்க" என்று அவளே முழு மெசினையும் முடித்துக் கொடுத்துவிட்டு, "புரிஞ்சுதுங்களா?" என்பாள். குல்சும் கையைக் கட்டிக்கொண்டு, "புரிஞ்சுதுங்க்கா" என்பாள். இரண்டு வாரத்தில் குல்சும் கற்றுக்கொண்டது பொற்கொடி எவ்வளவு வேகமாக வேலை செய்வாள் என்பதை மட்டும்தான். ஒருநாள் அந்தப் பக்கம் வந்த மோகனப்பிரியா நின்று பார்த்தாள். தன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக் காட்டிவிட்டுப் போனாள். பொற்கொடியும் கட்டிக்கொண்டாள். அரை மணி நேரம் தாங்கியது.

திங்கட்கிழமை லீவு ஆரம்பித்தது.

காலை ஒன்பது மணிக்குள் வீட்டு வேலை முழுக்க முடிந்துவிட்டது. பத்து மணிக்கு எதிர்வீட்டுக் கிரைண்டரைக் கழற்றிப் போட்டிருந்தாள். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர். மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் லாரி ஓட்டுகிற கணவன் லட்சுமணசாமி மறுநாள் பல் தேய்க்கும்போது அவள் பக்கத்தில் நின்று, மேல்வரிசையை இன்னும் கொஞ்சம் பார்த்துக்கலாமே என்றாள். அவன் நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டான்.

"ஏம்புள்ள, நீ லீவுல இருக்கறயா, இல்ல நான் உன்ற கம்பெனில வேலைக்குச் சேந்துட்டனா?"

புதன்கிழமை மதியத்துக்கு மேல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? கேட்டுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் வைக்கலாமே! பஸ் ஏறிவிட்டாள். நான்கு மணிக்குப் பேக்கரியின் உள்மூலையில், பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஒரு டீயும் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்திருந்தாள். டீ போடுகிறவர், "என்னுங்க பொற்கொடிக்கா, தலைவலிங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். அவரை அடிக்கலாம்போல இருந்தது அவளுக்கு.

நாலரை மணிக்கு எதிரே கேட் திறந்தது. குட்டியானை சரக்கோடு வெளியே வந்து கணபதிப் பக்கம் திரும்பியது.

பொற்கொடி சுவர்க் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தாள். ஆறரைக்குப் போக வேண்டிய வண்டி நாலரைக்கே போகிறதென்றால் என்ன அர்த்தம்? ஒரு பெல்ட்டைக்கூட இறுக்காமல் அப்படியே ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? நாற்பது வீட்டில் நாற்பது மெசின் மாவு அரைக்காமல் நிற்கப் போகிறது. காரமடை போச்சு. எழுந்து ஓடிப்போய் வண்டியை மறிக்கலாமா என்று அவள் கால் பரபரக்கும்போதே, குல்சும், அங்கப்பன், ஜெரோம் மூன்று பேரும் சாவகாசமாகச் சாலையைக் கடந்து பேக்கரிக்குள் நுழைந்தார்கள்.

குல்சும்தான் முதலில் பார்த்தாள்.

"ஏனுங்க்கா! எப்ப வந்தீங்க?"

"இந்தப் பக்கமா ஒரு சோலியா வந்தேனுங்க," என்றாள் பொற்கொடி. முந்தானை இன்னும் தலையில்தான் இருந்தது. "வண்டி... வெள்ளனே போயிருச்சாட்ட இருக்குது?"

"ஆமாங்க. நாப்பதும் போயிருச்சுங்க."

"பெல்ட்டெல்லாம்... ஒருக்கா பாத்துட்டுத்தானுங்களே அனுப்பினீங்க?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கப்பன் டீயை இரண்டு மிடறு குடித்தார். ஜெரோம் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்கத் தொடங்கினான். குல்சும்தான் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்கக்கூடாதுங்க. அங்கப்பண்ணா மொதல் வருசம் பெல்ட்டைச் சரியாத்தானுங்க இறுக்கினாரு. நீங்க சூப்பர்வைசரா வந்த புதுசுல, சாயங்காலம் உக்காந்து அவரு இறுக்கினதையெல்லாம் தளர்த்தி, மறுக்கா இறுக்கினீங்களாமா. உங்க கையால இறுக்கினாத்தான் உங்களுக்குத் திருப்தியாட்ட இருக்குதுன்னு, அன்னைலருந்து ரெண்டு சுத்து உங்களுக்குன்னு உட்டு வெச்சுட்டு வாராருங்க."

"எனக்குன்னா?"

"ஆமாங்க அம்மணி," என்றார் அங்கப்பன், கிளாஸைப் பார்த்தபடியே. "நீங்க எதுக்குத் தளர்த்தி இறுக்கிச் செரமப்படோணும்? அதான் தளர்த்துற வேலையை நானே கொறைச்சுப்போட்டேன்."

"ஸ்குரூ ஒண்ணு நானும் உட்டு வெப்பேனுங்க," என்றாள் குல்சும். "ஜெரோமு ஸ்டிக்கரு. உங்களுக்கு ஒண்ணும் வேலையில்லாமப் போனா மனசு சங்கடப்படுவீங்களேன்னுதானுங்க. இந்த மூணு நாளா நீங்க இல்லீங்களே, நாங்களே முழுசா முடிச்சுட்டோம். எண்ணி எண்ணித் தளர்வா உடற வேலை இல்லீங்களா, நாலு மணிக்கே தீந்துபோச்சுங்க."

பொற்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்பது வருடம், தினமும் ஒன்றரை மணி நேரம். இவர்கள் மரியாதைக்காகத் தளர்த்தினார்கள், இவள் மரியாதைக்காக வாயைத் திறக்காமல் இறுக்கினாள். நடுவில் ஒரு கண் டாக்டர் வேறு வந்து போனார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னுங்க?"

"எப்புடீங்க சொல்றது? மரியாதையா இருக்குமுங்களா?" என்றார் அங்கப்பன்.

அந்தக் கேள்வி அவளுக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தது. வாழ்க்கையிலேயே இவ்வளவு அசடு வழிந்ததில்லை அவள்.

கிளம்பும்போது குல்சும் திரும்பி நின்றாள். "நல்லவேளை வந்தீங்க. நாளைக்கு அனுப்பற லாட்டுல நாலு மெசினு அரிசி போட்டு ஓட்டினா டக்கு டக்குனு ஒரு சத்தம் வருதுங்க. காலியா ஓட்டினா வாரதில்லீங்க. என்னவா இருக்குமுங்க்கா?"

பொற்கொடிக்குத் தெரியும். பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தின் ஸ்குரூ. போன மாதமும் இதே சத்தம் வந்தது, அவள்தான் இறுக்கி அனுப்பினாள். "புல்லி" என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பேக்கரியில் நின்று பதில் சொல்வதை மோகனப்பிரியா தடுக்கவும் இல்லை. ஆனால் குல்சும் கேட்டுக்கொண்டு நின்ற விதத்தில், இரண்டு வாரமாகத் தன் முன்னால் கை கட்டி நின்ற அதே குல்சுமை அவள் பார்த்தாள். மிச்சமிருந்த தேங்காய் பன் முழுவதையும் எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். மென்று முடிக்க வெகுநேரம் ஆனது.

"உனக்கு என்ன தோணுது கண்ணு?"

"பேரிங்கா இருக்குமுங்களா?"

இல்லவே இல்லை என்று பொற்கொடிக்குத் தெரிந்திருந்தது. "பாரு," என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது, நாற்பது பெல்ட்டை இறுக்கியதைவிடக் கை அதிகமாக வலித்ததுபோல இருந்தது.

மிச்சமிருந்த மூன்று நாளும் அவள் வீட்டைவிட்டு நகரவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் கிரைண்டரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை எட்டரைக்கு அவள் லைனுக்குப் போனபோது போர்டில் ஆறு நாள் கணக்கும் எழுதியிருந்தது. நாற்பது, நாற்பது, நாற்பது, இருபத்தி நாலு, நாற்பது, நாற்பது. வியாழக்கிழமை இருபத்தி நாலு. அந்த எண்ணைப் பார்த்ததும் பொற்கொடிக்குக் காரமடை கேட்டின் முன்னால் எம்.பி.ஏ. பையன் நிற்கிற காட்சியே கண்ணுக்கு வந்துவிட்டது. ஒரு வார்த்தை, 'புல்லி' என்ற ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் அதுவும் நாற்பது ஆகியிருக்குமே!

குல்சும் ஒரு சின்ன நைலான் புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ள அடியில் போடுகிற வளையம் அது.

"அக்கா, அந்தச் சத்தம் பேரிங் இல்லீங்க. நாலு பேரிங்கைக் கழட்டி மாட்டினதுல வியாழக்கெழமை பாதி நாளு போச்சுங்க. பொறவு பாத்தா இந்தப் புஷ்ஷுங்க. போன மாசம் புதுசா வந்த பெட்டில பூராவும் நூலளவு பெரிசா இருக்குது. டிரம்மு ஆடுது. அந்தப் பெட்டிப் புஷ்ஷு போட்ட மெசினு பதினாறையும் நிறுத்திப்போட்டு, வேற புஷ்ஷு போட்டு வெச்சிருக்கோம், இன்னைக்குச் சேத்து அனுப்பறோமுங்க."

"புல்லி இல்லீங்களா?"

குல்சும் ஒரு நொடி தயங்கினாள். பிறகு, இத்தனை வருடத்தில் அந்த லைனில் யாரும் செய்யாததைச் செய்தாள்.

"இல்லீங்க்கா. நீங்க போன மாசம் புல்லின்னு இறுக்கி அனுப்பினீங்களே, அது தப்புங்க. இறுக்கினா நாலு நாளைக்குச் சத்தம் அடங்குது, மறுக்கா வருது. போன மாசம் கடைலருந்து திரும்பி வந்த பதினொரு மெசினும் அதுதானுங்க. நான் பிரிச்சுப் பாத்துட்டேன்."

'அது தப்புங்க.' சுற்றிலும் ஒரு வேலையும் நடக்கவில்லை. அங்கப்பன் ஸ்பேனரை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். பொற்கொடிக்கு முகம் குப்பென்று சிவந்தது. நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக ஒருத்தி எதிரே நின்று அவள் தப்பைச் சொல்லியிருக்கிறாள். வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் புஷ்ஷை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் பார்க்க, அந்த வலியை மீறிக்கொண்டு ஒரு சந்தோஷம் கிளம்பியது. பன்னை வாயில் அடைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் குல்சுமும் புல்லியை இறுக்கி நாற்பதையும் அனுப்பியிருப்பாள். போர்டில் எண் அழகாக இருந்திருக்கும்.

அவள் நேராக மோகனப்பிரியாவின் அறைக்குப் போனாள்.

"ஒருநாள் கொறைஞ்சுபோச்சே பொற்கொடி," என்றாள் மோகனப்பிரியா. வண்ண ஃபைல் திறந்தே இருந்தது.

"கொறைஞ்சுதுங்க. நான் இருந்திருந்தா கொறைஞ்சிருக்காதுங்க மேடம்." சுற்றி வளைக்க வேண்டும் என்று வாய் ஆசைப்பட்டது. அவள் விடவில்லை. "பதினாறு மெசினு கெட்டதை அப்புடியே அனுப்பியிருப்பேன். போன மாசம் திரும்பி வந்த பதினொண்ணுக்கும் நாந்தானுங்க காரணம். குல்சும் கண்டுபிடிச்சு, எம்மொகத்துக்கு நேரா சொன்னா. லைனைப் பாத்துக்க ஒரு பேரு கேட்டீங்களே, அவ பேருதானுங்க. அப்பறம் புதன்கெழமை நான் பேக்கரி வரைக்கும் வந்தேனுங்க. உள்ள வரலீங்க."

"தெரியும். அந்த டீக்கடைக்காரரு உங்க தலைவலி எப்புடி இருக்குதுன்னு எங்கிட்ட விசாரிச்சாரு." மோகனப்பிரியா ஃபைலில் எதையோ தேடினாள், கிடைக்கவில்லை, மூடிவைத்துவிட்டுச் சிரித்தாள். "பேக்கரில குல்சும் அந்தச் சத்தத்தைப் பத்திக் கேட்டாளாமே, அப்பச் சொல்லிக் குடுக்காம எப்புடீங்க இருந்தீங்க?"

"கஷ்டமாத்தானுங்க இருந்துச்சு."

மோகனப்பிரியா மேஜை இழுப்பறையிலிருந்து காரமடை யூனிட்டின் சாவிக் கொத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். பொற்கொடி அதைத் தொட்டாள், எடுக்கவில்லை. அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஒரு கணம் ஓடியது. கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொண்டாள்.

"அங்க போய் மொதல்ல என்னுங்க செய்யப் போறீங்க?"

"நான் தப்புப் பண்ணுனா எம்மொகத்துக்கு நேரா 'தப்புங்க'ன்னு சொல்ற ஆளு ஒண்ணு தேடோணுமுங்க மேடம்," என்றாள் பொற்கொடி. "நம்ம பக்கத்துல கெடைக்கறது செரமமுங்க. ஒரு மாசமாவது ஆகும்."

சாவியை எடுத்துக்கொண்டு அவள் லைனுக்குத் திரும்பினாள்.